முலாம் பூசிய குண்டு

மனிதன் தன் கையால் ஆக்கிய பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஏருக்கும் தறிக்கும் அச்சுப் பொறிக்கும் வரலாறு எழுதியோர் பலர். சமுதாய வளர்ச்சியைப் பொருளுற்பத்தியின் வளர்ச்சியோடு இணைத்துக் காண விழையும் நமக்கு அவ்வரலாறுகள் பெரிதும் பயன்பட்டுள்ளன. ஆயின் ஆக்கத்திற்கான கருவிகளுக்கு அளித்த கவனத்தை அழிவுக்கான கருவிகளுக்கு நாம் அளித்தோமல்லோம். போர்களை எழுதுகிறோம், வென்ற தளபதியையும் தோற்ற மன்னனையும் எழுதுகிறோம், இருவருக்கும் இடையே பறந்து சென்ற ஈயத்துண்டைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. அந்த ஈயம் எங்கிருந்து வந்தது, அதற்கு ஏன் செம்பினாற் சட்டை தைத்தார்கள், அச்சட்டையின் நீள அகலத்தைப் பற்றி உலக வல்லரசுகள் மாநாடு கூட்டி வாதிட்டது எதற்காக என்னும் வினாக்களை எழுப்பின், ஏகாதிபத்தியத்தின் வரலாறே வேறொரு கோணத்தில் நம் முன் விரியக் காணலாம். இவ்வினாக்களை எழுப்புவதற்குப் பேராதனையிலும் பொருத்தமான இடம் நம் நாட்டில் அரிது. மகாவலியின் இரு கரைகளிலும், சில மைல் தொலைவுக்குள், ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுக் குண்டின் கதை புதைந்து கிடக்கிறது.

முதலிற் பொருளை அறிந்துகொள்வோம். இன்று மேனாடுகளிற் கைத்துப்பாக்கி சுடுவதை விளையாட்டாகக் கொண்டோர் பலர், சுட்டுத் தீர்ந்த பித்தளைத் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கியெடுத்து, புதிய மருந்தும் புதிய குண்டும் இட்டுத் தமக்கு வேண்டிய தோட்டாக்களைத் தாமே செய்துகொள்கின்றனர். கடைக்குச் செல்லும் அவர்கள் முன் பெரும்பாலும் மூவகைக் குண்டுகள் வைக்கப்படும். ஒன்று வெறும் ஈயம். சற்றுத் தகரமும் அந்திமனியும் சேர்த்து வார்க்கப்பட்டது. மற்றொன்று உறையிட்ட குண்டு. செம்புடன் சிறிது துத்தநாகம் கலந்த தகட்டைக் கிண்ணம்போல் இழுத்து, அதனுள் ஈயத்தை அழுத்திச் செய்வது. மூன்றாவது முலாம் பூசிய குண்டு. ஈயக்கருவை மின்பகுப்புத் தொட்டியில் இட்டு, அதன்மேல் செம்பைப் படியச் செய்து, பின்னர் மீண்டும் அச்சில் அழுத்தி அளவு திருத்துவது.

வெறும் ஈயம் மலிவு. ஆனால் அது மென்மையானது. 327 பாகை வெப்பத்தில் உருகிவிடுவது. விரைவு மிகும்போது குழலின் உட்புறத்து வரிப்பள்ளங்களில் ஒட்டிக்கொள்ளும்; மூடிய அரங்குகளிற் சுடுவோரின் மூச்சில் ஈயத்தூசாகக் கலக்கும். உறையிட்ட குண்டில் இக்குறைகள் குறைவு; விலை அதிகம். முலாம் பூசிய குண்டு இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அடிப்புறம் உட்பட ஈயம் முழுவதையும் செம்பு மூடிநிற்பதால் குழல் தூய்மையாக இருக்கும்; தூசும் குறையும். எனினும் முலாம் மிக மெல்லியது. மருந்தை மிகுத்து வேகத்தைக் கூட்டினால் அது கிழிந்துவிடும். தோட்டாவின் வாயை இறுக்கி நெரித்தாலும் வெட்டுப்படும். ஆகவே மிதமான வேகத்திற் காகிதக் குறியைச் சுடுவோர்க்கு அது ஏற்றது என்பது அத்துறையினரின் முடிபு.

மேலே சொன்ன காரணங்களை ஒருமுறை மீண்டும் நோக்குவோம். குழல் கெடாதிருத்தல், செலவு சுருங்குதல், சுடுவோன் உடல்நலம் பேணுதல் ஆகியன அவை. காகிதக் குறியைப் பொறுத்தவரை இவற்றுக்கு மேல் எண்ண வேண்டியது எதுவுமில்லை. ஆனால் குண்டின் மேலாடை காகிதக் குறிக்காகத் தோன்றியதன்று. அது மனிதரைச் சுடுவதற்கான கருவியிலே தோன்றியது. அங்கும் அதன் நோக்கம் குழலைக் காப்பதாகவே இருந்தது. எதிரே நின்ற மனிதன் அக்கணக்கிற் சேர்ந்தது மிகப் பிந்தி, அதுவும் அவன் எந்நாட்டான், எந்நிறத்தான் என்று கேட்கப்பட்ட பின்னரே. இதுவே நாம் இங்கு ஆராய முற்படும் வரலாறு.

இன்று விவசாயத் திணைக்களத்தின் ஆய்வு நிலையங்களும் வயல்களும் அமைந்துள்ள கன்னொருவ, பேராதனைப் பூங்காவிற்கு எதிரே ஆற்றுக்கு அப்பால் உள்ளது. 1638 மார்ச் 28ஆம் நாள் அங்கேதான் இரண்டாம் இராஜசிங்கனின் படை, தியோகு த மேலோ என்ற போர்த்துக்கேயத் தளபதியின் படையைச் சூழ்ந்து அழித்தது. கண்டி வீரர் வில்லும் வேலும் மட்டும் தாங்கி நின்றனர் என்று எண்ணுவது பிழை. அவர்களிடம் துப்பாக்கிகள் இருந்தன. அவற்றுட் பல அவர்களே செய்தவை. போர்த்துக்கேயர் இத்தீவில் இறங்கிய ஒரு நூற்றாண்டுக்குள் இந்நாட்டுக் கம்மியர் அக்கலையைக் கற்றுத் தேர்ந்தமையைப் போர்த்துக்கேய ஆசிரியர்களே வியந்து எழுதியுள்ளனர். இரு கிளையாகப் பிரிந்த அடிக்கட்டையும், இடப்பக்கத்தில் அமைந்த பொறியும், தந்தமும் வெள்ளியும் இழைத்த வேலைப்பாடும் கொண்ட கண்டித் துப்பாக்கிகளை அரும்பொருட்காட்சிச் சாலைகளில் இன்றும் காணலாம். ஈழத்துத் தமிழர் 'துவக்கு' என்பதும் சிங்களவர் 'துவக்குவ' என்பதும் ஒரே சொல்லே. துருக்கிய மொழி வழக்கிலிருந்து கடல் கடந்து வந்த அச்சொல் இரு மொழிகளிலும் ஒருங்கே வேரூன்றியமை, கருவியோடு சொல்லும் கைத்தொழிலும் மக்களிடையே எல்லையின்றிப் பரவியதற்குச் சான்றாகும்.

துவக்கு செய்யக் கைத்திறன் போதும். அதை வெடிக்கச் செய்ய மூலப்பொருள் வேண்டும். வெடிமருந்துக்கு வேண்டிய மூன்றில் கரி எங்குமுண்டு. வெடியுப்பை மலைநாட்டுக் குகைகள் தந்தன. நக்கிள்ஸ் மலைத்தொடரிலே மீமுரேயை அடுத்த குகையில் வெடியுப்பு எடுக்கப்பட்ட முறையை, படை மருத்துவராக இங்கு வந்த ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்துள்ளார். குகைச் சுவரின் பாறையைக் கொத்திப் பொடித்து, மரச்சாம்பலுடன் கலந்து, நீர்விட்டு வடித்து, வெயிலிலும் அடுப்பிலும் காய்ச்சி உப்பெடுத்தனர் அம்மக்கள். புகழ்பெற்ற இரசாயன அறிஞர் ஹம்ப்ரி டேவியின் தம்பியான அவர், எழுத்தறிவில்லா உழைப்பாளிகள் ஓர் இரசாயனச் செய்முறையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்ததைப் பதிவு செய்தது நம் நற்பேறு. ஆனால் கந்தகமும் ஈயமும் மலைநாட்டில் அகழப்படுபவை அல்ல. அவை கடல்வழியே வந்தாக வேண்டும். துறைமுகத்தைப் பிடித்தவன் கையில் மலைநாட்டின் குண்டும் சிக்கிக்கொண்டது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஒல்லாந்தர் தீவின் கரையோரம் முழுவதையும் தமதாக்கிக் கொண்டதன் பொருளை, கறுவாவையும் உப்பையும் கொண்டு மட்டுமன்றி இந்த ஈயத்தைக் கொண்டும் அளந்தறிதல் வேண்டும்.

அவ்வுடன்படிக்கைக்கு முந்திய ஆண்டு, 1765இல், ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் கண்டியுட் புகுந்து அரண்மனையைக் கொள்ளையிட்டான். அன்று பறிபோன பொருள்களுள் ஒன்று, லெவ்கே திசாவை 1745ஆம் ஆண்டளவிற் செய்வித்து, நாயக்கர் வழிவந்த மன்னனுக்குக் காணிக்கையாக்கிய சிறு பீரங்கி. வெண்கலக் குழல், அதன்மேல் பொன்னும் வெள்ளியும், இடையிடையே கெம்புக் கற்கள். ஒல்லாந்தின் தேசிய அரும்பொருட்சாலையில் இரு நூற்றாண்டுகளுக்கு மேலிருந்த அது, 2023 டிசெம்பரில் கொழும்புக்குத் திரும்பியது. அப்பீரங்கி நமக்கு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. கண்டிக் கம்மியனின் திறன் ஐரோப்பியக் கம்மியனின் திறனுக்கு எவ்வாற்றானும் குறைந்ததன்று என்பது ஒன்று. அத்திறனை, இராஜகாரியம் என்னும் சேவைக் கட்டுக்குள் அடங்கிய நிலமானிய சமுதாயம், அரசனின் மாட்சிக்கு முலாம் பூசுவதிலேயே பெரிதும் செலவிட்டது என்பது மற்றொன்று.

அதே காலத்தில் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரிலே வேறொரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. அங்கு குழல் செய்வோன் ஒருவன், பொறி செய்வோன் ஒருவன், கட்டை இழைப்போன் ஒருவன், பொருத்துவோன் ஒருவன் என வேலை கூறுபட்டது. ஆபிரிக்கக் கரையில் அடிமைகளுக்குப் பண்டமாற்றாகக் கொடுக்கப்பட்ட துப்பாக்கிகள் அந்நகரிலிருந்து பெருந்தொகையாய் ஏற்றுமதியாயின. கண்டியில் ஒவ்வொரு துவக்கும் ஒரு கலைப்படைப்பு. கையாற் செய்த குழலுக்கேற்ப அதன் குண்டும் அமைய வேண்டும். பேர்மிங்ஹாமில் ஒரே அளவான குண்டு ஆயிரம் துப்பாக்கிக்குப் பொருந்தும். 1815இல் மலைநாடு வீழ்ந்தமைக்குப் பிரதானிகளின் உட்பகையைக் காரணம் கூறுவோர், இந்த உற்பத்தி முறை வேறுபாட்டையும் கணக்கிற் கொள்ளவேண்டும். குறித்துக்கொள்ள வேண்டிய இன்னொரு செய்தி: மின்பகுப்பினால் உலோகத்தின்மேல் உலோகம் படிவிக்கும் முலாந்தொழில் வளர்ந்ததும் இதே பேர்மிங்ஹாமிலேதான். மைக்கேல் பரடே 1830களில் கண்டறிந்த விதிகளின் வழியிலே எல்கிங்டன் என்பார் 1840இல் அத்தொழிலுக்குக் காப்புரிமை பெற்றார். செல்வர் வீட்டுக் கரண்டிகளுக்கு வெள்ளி பூசிய அந்நுட்பமே, நாளடைவிற் கைத்துப்பாக்கிக் குண்டுக்குச் செம்பு பூசும் நுட்பமாயிற்று.

வீழ்ந்த மலைநாட்டின் நிலம் வெகுவிரைவிற் கோப்பித் தோட்டமாயிற்று. பேராதனைப் பூங்கா 1821இல் நிறுவப்பட்டது. தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் கன்னொருவயிற் சொந்தமாகவே கோப்பி பயிரிட்டார். போர்க்களம் பணப்பயிர்க் களமாகியது. தென்னிந்தியத் தமிழ் உழைப்பாளர் கால்நடையாய் இம்மலைகளுக்குக் கொண்டுவரப்பட்ட காலமும் அதுவே. 1840களின் இறுதியிற் கோப்பி விலை வீழ்ந்து அரசாங்க வருவாய் குன்றியபோது, அச்சுமையைத் தோட்ட முதலாளிகள் மேலேற்றாமல், டொரிங்டன் தேசாதிபதியின் அரசு ஏழைக் குடியானவன் மேலேற்றியது. 1848இல் விதிக்கப்பட்ட வரிகளுள் துப்பாக்கி வரியும் ஒன்று. ஒரு துப்பாக்கிக்கு ஆண்டுக்கு 2 சிலிங் 6 பென்ஸ். காட்டுப்பன்றியிடமிருந்தும் யானையிடமிருந்தும் சேனைப்பயிரைக் காக்கும் கிராமத்தானுக்குத் துப்பாக்கி ஓர் உழவுக் கருவியே. அக்கருவிக்கு வரியிட்டவர்கள் அவன் மண்வெட்டிக்கு வரியிட்டவர்களுக்கு ஒப்பாவர்.

கிளர்ச்சி மூண்டது; கண்டியில் இராணுவச் சட்டம் பிறந்தது. துப்பாக்கிக்கு வரி விதித்தவர்களின் துப்பாக்கிகள் அப்போது பேசின. 1848 ஓகஸ்ட் 8ஆம் நாள் கண்டியில் வைத்துப் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். அதே மாதம் குடாபொல தேரர் காவியுடையுடனேயே சுடப்பட்டார். இக்கொடுமைகள் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் விசாரணைக்கு உள்ளாகி, 1850இல் டொரிங்டன் திருப்பியழைக்கப்பட்டான். அன்று பாய்ந்த குண்டுகள் யாவும் வெறும் ஈயம். உருண்டையான ஈயம், மேலாடையற்ற ஈயம்.

மேலாடையின் வரலாறு அடுத்த ஆண்டிலேயே தொடங்குகிறது எனலாம். 1849இல் மினியே என்னும் பிரெஞ்சுப் படை அதிகாரி, அடியிற் குடைவுள்ள கூம்பு வடிவ ஈயக்குண்டை உருவாக்கினார். மருந்து வெடித்ததும் அதன் அடிப்புறம் விரிந்து குழலின் வரிப்பள்ளங்களைப் பற்றிக்கொள்ளும். குண்டு சுழன்று நெடுந்தொலைவு செல்லும். ஆனால் ஈயம் குழலில் ஒட்டாதிருக்க வழவழப்பு ஒன்று வேண்டும். அதற்காகத் தோட்டாவின் காகிதத்திற்கு மிருகக் கொழுப்புத் தடவினர். குழலைக் காக்கப் பூசிய முதற் பூச்சுகளுள் ஒன்று இக்கொழுப்பே. அத்தோட்டாவைப் பல்லாற் கடித்துக் கிழிக்க வேண்டியவன் இந்தியச் சிப்பாய். கொழுப்பு பசுவினுடையதா பன்றியினுடையதா என்று அவன் கேட்கக்கூடும் என்பதை, அதனைத் தேர்ந்தெடுத்தவர்கள் பொருட்படுத்தவில்லை. 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் எழுந்த முணுமுணுப்பு, மார்ச் 29இல் பரக்பூரில் மங்கள் பாண்டேயின் செயலாய் வெடித்து, பின்னர் வடஇந்தியா முழுவதும் தீயாய்ப் பரவியது. நில வருவாய்க் கொள்கையும் அரசுகளைப் பறித்த பேராசையும் அந்தப் பெருங்கிளர்ச்சியின் ஆழ்ந்த காரணங்கள். ஆயினும் ஒரு குண்டின் பூச்சைத் தேர்வதில் ஆள்வோர் காட்டிய அலட்சியமே தீப்பொறியாயிற்று என்பதை மறுப்பதற்கில்லை.

டம்டம் என்ற பெயர் நாற்பது ஆண்டுகளின் பின் மறுபடியும் உலகத்தின் காதில் ஒலித்தது. இடைக்காலத்தில் இரசாயனம் வளர்ந்துவிட்டது. 1884இல் போல் வியேய் என்ற பிரெஞ்சு அறிஞர் புகையற்ற மருந்தைக் கண்டார். அது பழைய கருமருந்தினும் பன்மடங்கு ஆற்றலுடையது. அதன் வேகத்தை வெறும் ஈயம் தாங்காது. சுவிற்சர்லாந்தின் எடுவாட் ரூபின் 1882இலேயே செப்பு உறையிட்ட குண்டை ஆக்கியிருந்தார். இரண்டும் இணைந்தன. வல்லரசுகள் எல்லாம் சிறு விட்டமுள்ள, கடின உறையிட்ட குண்டுக்கு மாறின. பிரித்தானியப் படையும் 1888இல், ஏறத்தாழ பதினொன்றரை மில்லிமீற்றர் விட்டமுள்ள பழைய ஈயக்குண்டைக் கைவிட்டு, எட்டு மில்லிமீற்றருக்கும் குறைந்த உறைக்குண்டை ஏற்றது.

இங்கே எதிர்பாராத விளைவொன்று நிகழ்ந்தது. முழு உறையிட்ட சிறு குண்டு உடலிற் புகுந்து, பெரும்பாலும் உருக்குலையாமல் மறுபக்கம் வெளியேறியது. எலும்பையோ உயிர்நிலையையோ தாக்காவிடில், காயமுற்றவன் பிழைக்கவும் கூடும். குழலைக் காக்கப் போர்த்திய உறை, தற்செயலாக மனிதனையும் சிறிது காத்துவிட்டது! மனிதாபிமானம் மிக்கோர் மகிழ்ந்திருக்க வேண்டிய செய்தி. ஆனால் 1895இல் இந்திய வடமேற்கு எல்லையிலே சித்திரால் படையெடுப்பில், சுடப்பட்ட மலைவாழ் மக்கள் உடனே விழவில்லை என்பது பிரித்தானியப் படையினரின் முறைப்பாடாயிற்று. முறைப்பாட்டுக்குப் பரிகாரம் டம்டம் சாலையிற் பிறந்தது. அதன் தலைவரான கப்டன் பேட்டி கிளே, குண்டின் மூக்குப் பகுதியில் உறையை அகற்றி ஈயத்தைத் திறந்துவைத்தார். குழலைத் தொடும் பக்கங்களுக்கு உறை உண்டு; மனிதனைத் தொடும் முனைக்கு உறை இல்லை. உடலிற் பட்டதும் ஈயம் காளான்போல் விரிந்து சதையைக் கிழிக்கும். உறை யாருக்காக என்ற நம் கேள்விக்கு, இதனிலும் தெளிவான விடையை எந்தத் தத்துவ நூலிலும் நாம் காணமுடியாது.

1899இல் ஹேக் நகரிற் சமாதான மாநாடு கூடியது. உடலினுள் எளிதில் விரியும் அல்லது தட்டையாகும் குண்டுகளை, குறிப்பாகக் கருவை முழுமையாக மூடாத உறையுள்ள குண்டுகளைத் தவிர்க்கவேண்டும் என்ற பிரகடனம் அங்கு முன்வைக்கப்பட்டது. பிரித்தானியாவும் அமெரிக்காவும் எதிர்த்தன. பிரித்தானியப் பிரதிநிதி சேர் ஜோன் ஆர்டா கூறிய நியாயத்தின் சாரம் இது: நாகரிகமடைந்த போர்வீரன் சிறு குண்டு பட்டதும் தான் காயமுற்றதை உணர்ந்து மருத்துவ வண்டியை நாடுவான், காட்டுமிராண்டியோ இரண்டு மூன்று முறை துளைக்கப்பட்ட பின்னும் முன்னேறுவான், ஆகவே அவனுக்கு வேறு குண்டு வேண்டும். ஐரோப்பியனுக்கு ஒரு குண்டு, ஆசிய ஆபிரிக்கனுக்கு ஒரு குண்டு என்ற இக்கோட்பாடு ஒரு தனிமனிதரின் வாய்த்தவறன்று. நிறைவேறிய பிரகடனத்திலேயே அதன் சாயல் உண்டு. கையொப்பமிட்ட நாடுகள் தம்முட் பொருதும் போருக்கு மட்டுமே அது கட்டுப்பாடு. கையொப்பமிடும் உரிமையே இல்லாத குடியேற்ற நாட்டு மக்கள் அதன் வெளியே நின்றனர். 1907இல் பிரித்தானியா அதை ஏற்றபோதும் இவ்வெல்லை மாறவில்லை.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியுமா? 1998இல் ரோமில் ஆக்கப்பட்ட சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றச் சட்டம், விரியும் குண்டைப் போரிற் பயன்படுத்துவதைக் குற்றமாக்கியது. நாடுகளுக்கிடையான போருக்கென எழுதப்பட்ட அவ்விதி, 2010இல் கம்பாலா மாநாட்டில் உள்நாட்டுப் போருக்கும் விரிக்கப்பட்டது. எனினும் அரசு தன் குடிமக்கள்மேல் நடத்தும் பொலிஸ் நடவடிக்கை அதன் எல்லைக்கு வெளியிலேயே விடப்பட்டுள்ளது. கூட்டத்தினிடையே குண்டு ஊடுருவிப் பின்னால் நிற்போரைத் தாக்காதிருக்க விரியும் குண்டே நல்லது என்று பல நாட்டுப் பொலிஸார் அதனைக் கையாளுகின்றனர். அவ்வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் போர்க்களத்துப் பகைவனுக்கு மறுக்கப்பட்ட குண்டு வீதியில் நிற்கும் குடிமகனுக்கு அனுமதிக்கப்படும் முரண்பாடு கண்கூடானது. 1990இல் ஹவானாவில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு, சட்ட அமுலாக்க அதிகாரிகளின் துப்பாக்கிப் பிரயோகத்திற்கான அடிப்படை நெறிகளை வகுத்து, தேவையற்ற காயத்தை விளைவிக்கும் ஆயுதங்களையும் குண்டுகளையும் ஒவ்வோர் அரசும் தடைசெய்ய வேண்டுமெனக் கூறியது. அவை நெறிகள், கட்டுப்படுத்தும் உடன்படிக்கை அல்ல.

மீண்டும் பேராதனைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை மவுண்ட்பேட்டன் பேராதனைப் பூங்காவில் அமைத்தார். மலர்ச் செடிகளின் நடுவிலிருந்து பர்மாப் போர் நடத்தப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, அதே கண்டி மாவட்டத்தின் ஹேவாஹெட்டைப் பகுதியில், முல்லோயா தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1940 ஜனவரி 10ஆம் நாள் பொலிஸார் சுட்டதிற் கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டான். மலையகத் தொழிற்சங்க இயக்கத்தின் முதல் தியாகியாக இன்றும் நினைவுகூரப்படுபவன் அவன். விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. கோவிந்தனின் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். அச்சம்பவத்தை ஒட்டிப் பொலிஸ்மா அதிபர்மேல் அமைச்சருக்கு அதிகாரமுண்டா என்ற பிரச்சினை எழுந்து, தேசாதிபதியோடு முரண்பட்டு அமைச்சர் குழுவே அவ்வாண்டில் பதவி துறந்தது. பெயரற்றவனாய்க் கொழுந்துக் காட்டில் உழைத்த ஒருவனின் உடலிற் பாய்ந்த குண்டு, நாட்டின் அரசியலமைப்பையே அசைத்தது.

1947 ஜூன் 5இல் பொது வேலைநிறுத்தத்தின்போது கொழும்பிலே எழுதுவினைஞர் கந்தசாமி சுடப்பட்டு இறந்தார். அப்போது இந்நாடு பிரித்தானியரின் கீழிருந்தது. சுதந்திரம் வந்தது. பல்கலைக்கழகம் 1952இற் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. கன்னொருவப் போர்க்களத்தைப் பார்த்தபடி நூலகமும் விடுதிகளும் எழுந்தன. அவ்வளாகத்திற்குள்ளேயே 1976 நவம்பர் 12ஆம் நாள் பொலிஸார் சுட்டு வீரசூரிய என்ற மாணவர் உயிரிழந்தார். நாடெங்கும் மாணவரும் தொழிலாளரும் கண்டனக் குரலெழுப்பினர். ஆறு மாதங்களின் பின், 1977 மே 11இல், தோட்ட நிலம் பறிக்கப்படுவதை எதிர்த்து டெவன் தோட்டத்தில் திரண்ட தொழிலாளருள் சிவனு இலட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 ஏப்ரல் 19இல் எரிபொருளுக்காக றம்புக்கனையில் மறியல் செய்த மக்கள்மீது பொலிஸார் சுட்டதில் ஒருவர் இறந்தார். கொழுந்து பறிப்பவன், எழுதுவினைஞன், மாணவன், எரிபொருளுக்குக் காத்து நின்றவன், தமிழன், சிங்களவன். இவர்களுக்கிடையே உள்ள வேறுபாடுகளை வைத்து அரசியல் நடத்துவோர் பலர். துப்பாக்கிக் குழலுக்கு அவ்வேறுபாடு தெரியவில்லை.

ஆயுதம் ஏந்தியோர் மறுபக்கத்திலும் இருந்தனர் என்று கூறுவர். உண்மையே. 1971இல் எழுந்த இளைஞர் வேட்டைத் துப்பாக்கியும் கையாற் செய்த குண்டும் கொண்டு அரசைக் கவிழ்க்க முற்பட்டனர், ஆயிரக்கணக்கில் மடிந்தனர். பின்னர் 2009 வரை நீடித்த போரில் இத்தீவு கண்ட அழிவை நாம் விவரிக்க வேண்டியதில்லை. அப்போரின் குண்டுகளை இரு தரப்புக்கும் தந்தவர்கள் பெரும்பாலும் இத்தீவுக்கு வெளியே இருந்தனர். மீமுரே மலைவாசி தானே உப்பெடுத்து மருந்தரைத்த காலத்தில் மலைநாட்டுக்கு வெளியிலிருந்து வரவேண்டியிருந்தவை ஈயமும் கந்தகமுமே. இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலோ துப்பாக்கி, தோட்டா, உறை யாவும் விற்பனைப் பண்டமாய்ச் சந்தையிலிருந்து வந்தன. இறந்தவன் மட்டும் உள்ளூரான்.

இவ்வரலாற்றினின்றும் நாம் பெறும் பாடம் யாது? தொழில்நுட்பத்தைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. முலாந்தொழில் மனித அறிவின் அரும்பேறு. அது கடிகாரத்தையும் மின்கருவியையும் காக்கிறது. சுடுவோர் அரங்குகளில் ஈயத்தூசைக் குறைத்ததும் நன்மையே. ஆனால் எந்தப் பொருளையும் தேர்ந்தெடுக்கும்போது எவருடைய நலன் கணக்கில் எடுக்கப்பட்டது, எவருடையது விடப்பட்டது என்று கேட்பது சமூக விஞ்ஞானத்தின் முதற் கடமை. விளையாட்டு வீரன் கடையில் குண்டைத் தேர்கிறான். அவன் தேர்வு அவனையும் அவன் துப்பாக்கியையும் பொறுத்தது. அரசும் குண்டைத் தேர்கிறது. அத்தேர்வு நம்மைப் பொறுத்தது; ஆயினும் அதில் நம்மிடம் எவரும் கேட்பதில்லை. கிராமத்தான் துப்பாக்கி வைத்திருக்க 1916ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அனுமதி வாங்க வேண்டும். பொதுமக்களை நோக்கி நீட்டப்படும் துப்பாக்கியில் எந்தக் குண்டு, எச்சூழ்நிலையில், யார் கட்டளையால் இடப்படலாம் என்பதும் அவ்வாறே பகிரங்கமான, மக்களுக்குப் பொறுப்புக் கூறும் சட்டமாதல் வேண்டும். ஒவ்வொரு துப்பாக்கிப் பிரயோகமும் சுதந்திரமான விசாரணைக்கு உட்பட வேண்டும். விசாரணையின் முடிவு வெளியிடப்பட வேண்டும். 1940இல் கோவிந்தனின் மனைவி பெற்ற அளவு விசாரணையைக்கூடப் பின்வந்த பல தாய்மார் பெறவில்லை என்பது சுதந்திர நாட்டுக்குப் பெருமை தருவதன்று.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒன்று கூற விரும்புகிறோம். கன்னொருவப் போரைப் பாடநூல் கற்பிக்கிறது, முல்லோயாவைக் கற்பிப்பதில்லை. லெவ்கேயின் பீரங்கி திரும்பிவந்த செய்தியை நாம் கொண்டாடினோம், அது நியாயமே. ஆனால் பொன் இழைத்த பீரங்கியைக் கண்ணாடிப் பேழையில் வைப்பதோடு வரலாறு நிறைவுறுவதில்லை. வெடியுப்பு வடித்தவனும் துவக்கு வரிக்கு எதிராய் எழுந்தவனும் கொழுந்துக் கூடையோடு விழுந்தவனும் பல்கலைக்கழக வளாகத்திற் சாய்ந்தவனுக்கு முன்னோராய் நிற்கும் தொடர்ச்சியை வகுப்பறையிற் சொல்லியாக வேண்டும். ஊரூராகச் சென்று முதியோரைக் கேட்டு, தோட்டந்தோறும் மறைந்த பெயர்களைத் திரட்டி, ஆணைக்குழு அறிக்கைகளைத் தூசு தட்டி எடுத்து, இரு மொழியிலும் எழுதுவதற்குப் பேராதனையின் மாணவர் முன்வருவாராயின், பூசப்பட்ட முலாம் உரிந்து, உள்ளிருக்கும் ஈயத்தை நம் மக்கள் காண்பார்கள்.